29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் வாங்கலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

பெரிய வீல், முன்னாடியும் பின்னாடியும் சஸ்பென்ஷன், பாக்கவே மிரட்டலா இருக்கும், விலையும் அப்படித்தான். வாங்கலாமா வேணாமான்னு மாசக்கணக்குல யோசிச்சிட்டு இருக்கறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க ஒண்ணா போட்டிருக்கேன். எல்லாருக்கும் இது தேவைன்னும் சொல்ல மாட்டேன், யாருக்கும் தேவையில்லைன்னும் சொல்ல மாட்டேன். நீங்க எந்த மாதிரி பாதையில ஓட்டுறீங்கங்கறதுதான் முடிவு பண்ணும்.

29 இன்ச்னு சொல்றாங்களே, எதோட அளவு அது?

டயர் மாட்டுனதுக்கு அப்புறம் வர்ற வெளி விட்டம். ரிம்ல டயர் உக்கார்ற இடத்தோட விட்டம் 622 மி.மீ, ரோட் பைக்ல 700சி-ன்னு சொல்றதும் இதே ரிம் அளவுதான். அதுல 2.3 இன்ச் தடிமனான டயர் போட்டா மேலயும் கீழயும் சேர்த்து கிட்டத்தட்ட 738 மி.மீ வரும், அதாவது 29 இன்ச். பழைய 26 இன்ச்சுக்கு ரிம் 559 மி.மீ, நடுவுல இருக்கற 27.5-க்கு (650பி-ன்னும் சொல்வாங்க) 584 மி.மீ. டயர் வாங்கும்போது பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கற இந்த 622, 584, 559 நம்பர பாத்து வாங்குங்க, இன்ச் கணக்க நம்பினா சில சமயம் குழப்பும்.

வீல் பெருசா இருந்தா நிஜமாவே வித்தியாசம் தெரியுமா, இல்ல விளம்பரமா?

தெரியும். ஆனா எங்க தெரியும்னு புரிஞ்சுக்கணும்.

பத்து சென்டிமீட்டர் உயரமான ஒரு கல்லோ வேரோ குறுக்க வருதுன்னு வைங்க. 26 இன்ச் வீல் அதுல மோதுற கோணம் ஏறக்குறைய 45 டிகிரி, 29 இன்ச் வீலுக்கு 43 டிகிரி. இவ்ளோதானான்னு தோணும், ஆனா ஒரு மோசமான பாதையில இப்படி நூத்துக்கணக்கான கல்லு வரும், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா வேகம் போகும், பெரிய வீல்ல அது குறைவா போகும், அதனால ஒரு மணி நேரம் ஓட்டி முடிக்கும்போது கையும் முதுகும் சொல்லும் வித்தியாசத்த. குழி விஷயத்துலயும் அப்படித்தான், சின்ன வீல் இறங்கற அளவுக்கு பெரிய வீல் பள்ளத்துக்குள்ள இறங்காது.

இன்னொண்ணு, பலர் கவனிக்காதது. 29-ல வீலோட அச்சு உயரமா இருக்கும், பெடல் கிராங்க் மாட்டுற பாட்டம் பிராக்கெட் தரையிலேருந்து பழைய உயரத்துலயேதான் இருக்கும், அதனால அது அச்சு மட்டத்துக்கு நல்லா கீழ வந்துடுது. நம்ம எடை வீல்களுக்கு நடுவுல கீழ இறங்கி உக்காருது. செங்குத்தான இறக்கத்துல ஹேண்டில்பாருக்கு மேல தூக்கி எறியப்படுவோமோங்கற பயம் குறையறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ரேஸ்ல என்ன நடந்துச்சுன்னு பாத்தாலும் தெரியும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் கிராஸ் கன்ட்ரி (ஏத்தம் இறக்கம் கலந்த ரேஸ்) தங்கத்த செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன் பைக்லதான் ஜெயிச்சாரு, ரெண்டாவது வந்த நினோ ஷுர்ட்டர் ஓட்டுனது 27.5. டவுன்ஹில் (மலையிலேருந்து கீழ இறங்கற ரேஸ்) பசங்க ரொம்ப நாள் 29 பக்கமே வரல, அப்புறம் 2017-ல ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பைய கிரெக் மின்னார் 29 இன்ச் வீல்ல ஜெயிச்சதும் அங்கயும் கதை மாறிடுச்சு.

ஆரம்பத்துல 29 பைக் எல்லாம் திரும்பவே திரும்பாது, லாரி மாதிரி இருக்கும்னு சொன்னாங்களே?

அப்ப சொன்னது உண்மைதான். 1999-ல டபிள்யூடிபி கம்பெனி நானோராப்டர்ங்கற டயர கொண்டு வந்ததுக்கு அப்புறம்தான் இந்த அளவுல ஒழுங்கான மவுண்டன் பைக் டயர்னு ஒண்ணு கிடைச்சுது, அதுக்கப்புறம் கேரி ஃபிஷர் பிராண்ட் இத விடாப்பிடியா தள்ளிக் கொண்டு வந்துச்சு. ஆனா ஆரம்ப கால பைக்குங்க 26-க்கு வரைஞ்ச ஃப்ரேம நீட்டி பெரிய வீல திணிச்ச மாதிரிதான் இருந்துச்சு, ஸ்டியரிங் மந்தம், பின்பக்கம் நீளம். அப்புறம் ஃபோர்க் (முன் வீல பிடிக்கற கவை) ஆஃப்செட்ட, அதாவது வீல் அச்சு முன்னாடி தள்ளி இருக்கற தூரத்த, 51 மி.மீ வரைக்கும் கூட்டுனாங்க, பாட்டம் பிராக்கெட்லேருந்து பின் அச்சுக்குப் போற செயின்ஸ்டேய 430-440 மி.மீக்கு இழுத்துக் கொண்டு வந்தாங்க, ஹேண்டில்பார பிடிக்கற ஸ்டெம் குட்டையாச்சு, ஹேண்டில்பார் அகலமாச்சு. இப்ப வர்ற 29 பத்தி பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தவங்க சொல்றத வச்சு முடிவு பண்ணாதீங்க.

அப்ப குறையே இல்லையா?

இருக்கு. வீலும் டயரும் கனம் கூட, அதுவும் அந்த கனம் வெளி ஓரத்துல இருக்கு, அதனால நின்ன இடத்துலேருந்து வேகம் எடுக்க கொஞ்சம் கூடுதலா மிதிக்கணும். ரொம்ப நெருக்கமான வளைவுகள் அடுத்தடுத்து வந்தா பைக்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்க உடம்ப நல்லா உபயோகிக்கணும். தாவுறது, பின்வீல்ல நிக்கிறது, சின்ன பார்க்ல விளையாட்டா ஓட்டுறதுன்னா 27.5 இன்னும் சந்தோஷமா இருக்கும்.

ஸ்போக்ஸ் நீளமானதால பக்கவாட்டுல வீல் வளையுதுன்னு ஒரு புகார் முன்னாடி இருந்துச்சு. 2014-ல பூஸ்ட்னு ஒரு அளவு வந்துச்சு, பின் ஹப் (வீலோட நடு உருளை) அகலம் 142-லேருந்து 148 மி.மீ, முன் ஹப் 100-லேருந்து 110 மி.மீ, ஸ்போக்ஸ் மாட்டுற ஃபிளாஞ்ச் ரெண்டு பக்கமும் தள்ளிப் போனதால வீல் விறைப்பாயிடுச்சு. இப்ப புதுசா வாங்கறதுல பெரும்பாலும் பூஸ்ட்தான் இருக்கும்.

சரி, பின்னாடி சஸ்பென்ஷன் எனக்கு தேவையா? இதுதான் நிஜக் கேள்வி.

ஆமா, இதுதான் நிஜக் கேள்வி, இதுல நிறைய பேர் ஒப்பீட்ட தப்பா பண்றாங்க. வீட்ல இருக்கறது பழைய 26 ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கற பைக்), அதுலேருந்து இறங்கி நேரா புது 29 ஃபுல் சஸ்பென்ஷன்ல ஏறி ஒரு சுத்து வந்ததும் ஆஹா பின் ஷாக் என்னமா வேலை செய்யுதுன்னு நினைக்கிறாங்க. ஆனா அந்த மாற்றத்துல வீலுக்கு ஒரு பங்கு, 2.4 இன்ச் டியூப்லெஸ் டயருக்கு ஒரு பங்கு, புது ஜியாமெட்ரிக்கு (ஃப்ரேமோட அளவும் கோணமும்) ஒரு பங்கு, ஓட்டும்போதே சீட்ட இறக்கி ஏத்தற டிராப்பர் சீட்போஸ்டுக்கு ஒரு பங்கு இருக்கு, மிச்சம்தான் பின் ஷாக். அந்த மத்ததெல்லாம் ஒரு நல்ல 29 ஹார்ட்டெயில்லயும் கிடைக்கும். அதனால நீங்க ஒப்பிட வேண்டியது உங்க பழைய பைக்க இல்ல, அதே பணத்துக்கு வர்ற புது 29 ஹார்ட்டெயில.

அந்த ரெண்டையும் ஒரே பாதையில ஓட்டிப் பாத்தா பதில் தானா வரும். செம்மண் பாதை, தோட்டத்து வழி, சரளைக்கல் ரோடு, வழவழப்பான ஒத்தையடிப் பாதை இதுங்கள்ல ஹார்ட்டெயில் வேகமா போகும், லேசாவும் இருக்கும், பின் ஷாக் சும்மா கூட வர்ற சுமைதான். ஆனா பாதை முழுக்க வேரும் பாறையும், அதுவும் மூணு நாலு மணி நேரம் ஓட்டுறீங்க, இறக்கத்துல உக்காரவே முடியாம நின்னுக்கிட்டே வர்றீங்க, கடைசி ஒரு மணி நேரம் இடுப்பு வலிக்குது, பிரேக் பிடிக்கும்போது பின் வீல் துள்ளித் துள்ளி பிடிப்பு விட்டுப் போகுதுன்னா அங்க பின் சஸ்பென்ஷன் கொடுக்கறத வேற எதுவும் கொடுக்காது. சொகுசுங்கறது அதுல ஒரு பகுதிதான். பின் டயர் தரையை விடாம ஒட்டி ஓடுதே, அதான் பெரிய லாபம், பிரேக்கும் பிடிக்கும், வளைவும் பிடிக்கும், கல்லு நிறைஞ்ச ஏத்தத்துல மிதிக்கும்போது வீல் வழுக்காது.

முதுகுல ஏற்கனவே பிரச்சனை இருக்கறவங்க, வயசு கூடிட்டு வருது ஆனா கரடுமுரடான பாதைய விட மனசில்லைங்கறவங்க, இவங்களுக்கு நான் தயங்காம ஃபுல் சஸ்பென்ஷன்தான் சொல்வேன். முதல் தடவையா மவுண்டன் பைக் வாங்கறவங்களுக்கு, எங்க ஓட்டுவோம்னே இன்னும் தெரியலன்னா, ஹார்ட்டெயில்.

மிதிக்கிற சக்தி எல்லாம் ஷாக் குடிச்சிடாதா?

பழைய டிசைன்ல அப்படித்தான் ஆகும், ஒவ்வொரு மிதிக்கும் பைக் மேலயும் கீழயும் ஆடும். இப்ப லிங்க்கேஜ (பின் வீல ஃப்ரேமோட இணைக்கற நெம்புகோல் அமைப்பு) வரையும்போதே செயின் இழுக்கற விசை ஷாக் அமுங்கறத எதிர்க்கற மாதிரி பிவட்டோட (அது அசையற மூட்டு) இடத்த கணக்கு போட்டு வைக்கறாங்க, ஆன்டி ஸ்குவாட்னு பேரு. சிங்கிள் பிவட், ஹார்ஸ்ட் லிங்க், விபிபி, டிடபிள்யூ லிங்க்னு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி, எல்லாத்துலயும் நல்ல பைக்கும் இருக்கு சுமாரான பைக்கும் இருக்கு, பேர வச்சு வாங்க வேண்டியதில்ல. உக்காந்து சீரா மிதிச்சா ஆட்டம் ரொம்ப கம்மி, எழுந்து நின்னு ஆட்டி மிதிச்சா இருக்கத்தான் செய்யும். நீளமான தார் ரோட்டு ஏத்தம்னா ஷாக்ல ஒரு லீவர் இருக்கும், அத திருப்பி இறுக்கிக்கலாம், கீழ இறங்கறதுக்கு முன்னாடி மறக்காம திறந்துடுங்க.

எவ்ளோ டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும்போது வீல் நகர்ற தூரம்) எடுக்கறது? அதிகமா இருந்தா நல்லதுதானே?

இல்ல. கிராஸ் கன்ட்ரிக்கு 100-120 மி.மீ, ட்ரெயில் பைக் (எல்லாப் பாதைக்கும் பொதுவானது) 120-150, எண்டூரோ (கடினமான இறக்கத்துக்கானது) 150-180, டவுன்ஹில்லுக்கு 200 பக்கம். 29 இன்ச்ல வீலே கொஞ்சம் வேலைய வாங்கிக்கறதால பெரும்பாலானவங்களுக்கு பின்னாடி 120-130, முன்னாடி 130-140 தாராளமா போதும். நீங்களே மிதிச்சு ஏறி நீங்களே இறங்கற ஆளுன்னா 160 மி.மீ பைக்க வருஷம் முழுக்க மேல தள்ளிட்டு போறது பாடு, அந்த டிராவல முழுசா உபயோகிக்கற இடமே உங்க பாதையில இருக்காது. லிஃப்ட்லயோ வண்டியிலயோ பைக்க மேல கொண்டு போறவங்க கணக்கு வேற.

நான் குட்டை. எனக்கு 29 ஒத்து வருமா?

முன் வீல்ல பிரச்சனை இல்ல, பின் வீல்லதான். செங்குத்தான இறக்கத்துல உடம்ப பின்னாடி தள்ளும்போது டயர் உக்கார்ற இடத்துல வந்து உரசும், ஃபுல் சஸ்பென்ஷன்ல ஷாக் அமுங்கும்போது வீல் மேல வேற வரும். ஐந்தடி மூணு அங்குலத்துக்கு கீழன்னா கண்டிப்பா நேர்ல உக்காந்து பாக்காம வாங்காதீங்க. சில கம்பெனிங்க சின்ன சைஸ் ஃப்ரேமுக்கு மட்டும் 27.5 வீல் கொடுக்கறாங்க, இன்னும் சிலது முன்னாடி 29 பின்னாடி 27.5 போட்டு வருது, மல்லட்னு சொல்வாங்க. அது குட்டையானவங்களுக்கு மட்டும்னு இல்ல, டவுன்ஹில் ரேஸ்லயும் ஓட்டுறாங்க.

சைஸ் பாக்கும்போது பழைய மாதிரி சீட் டியூப் இன்ச்ச பாக்காதீங்க, ரீச்னு ஒரு நம்பர் ஜியாமெட்ரி சார்ட்ல இருக்கும், நின்னு ஓட்டும்போது பைக் எவ்ளோ நீளமா தெரியும்னு அதுதான் சொல்லும்.

டெஸ்ட் ரைட்ல என்ன பாக்கணும்?

முதல்ல ஷாக்ல காத்து உங்க எடைக்கு ஏத்த மாதிரி அடிச்சு கொடுக்கச் சொல்லுங்க. இது செய்யாம ஓட்டுற டெஸ்ட் ரைட் வீண், உங்களுக்கு முன்னாடி ஓட்டுனவர் 90 கிலோ நீங்க 60 கிலோன்னா அந்த பைக் உங்களுக்கு கட்டை மாதிரிதான் தெரியும், நல்ல பைக்க வேணாம்னுட்டு வந்துடுவீங்க.

ஹெல்மெட், பை, தண்ணி எல்லாத்தோடயும் பைக் மேல உக்காரும்போது சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும், அதுக்கு ஸேக்னு பேரு. பின்னாடி 25-30 சதவீதம், முன்னாடி 15-20 சதவீதம் அமுங்கணும். ஷாக் தண்டுல ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், அத சீல் வரைக்கும் தள்ளி விட்டுட்டு மெதுவா ஏறி உக்காந்து மெதுவா இறங்கி எவ்ளோ நகர்ந்திருக்குன்னு அளங்க. ஷாக் ஸ்ட்ரோக் 50 மி.மீன்னா 15 மி.மீ நகர்ந்திருந்தா 30 சதவீதம். அப்புறம் ரீபவுண்ட் (அமுங்குன ஷாக் திரும்ப எழும்பற வேகம்), அதுக்கு பெரும்பாலும் சிவப்பு குமிழ் ஒண்ணு இருக்கும், நடைபாதை ஓரத்து மேலேருந்து உக்காந்தபடியே கீழ இறங்குங்க, ஷாக் ஒரு தடவ எழும்பி அடங்கணும், ரெண்டு மூணு தடவ ஆடுனா வேகம் கூட.

டயர் காத்தையும் பாருங்க, கடையில 40 பி.எஸ்.ஐ அடிச்சு வச்சிருப்பாங்க, 2.4 டியூப்லெஸ் டயருக்கு எடைய பொறுத்து 20-28 போதும். காத்து கூட இருந்தா எந்த சஸ்பென்ஷனும் நல்லா தெரியாது.

அப்புறம் பார்க்கிங்ல சுத்தாதீங்க. முடிஞ்சா நீங்க எப்பவும் ஓட்டுற பாதைக்கே கொண்டு போங்க, இல்லைன்னா வாடகைக்கு கிடைக்கற இடத்துல ஒரு நாள் எடுத்து ஓட்டுங்க, அந்த வாடகை காசு வீணே இல்ல. கல்லு நிறைஞ்ச ஏத்தம் ஒண்ணு, மெதுவா போற நெருக்கமான வளைவு ஒண்ணு, கரடுமுரடான இறக்கம் ஒண்ணு, இந்த மூணுலயும் ஓட்டிப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் புது பைக் எதுவா இருந்தாலும் விநோதமாத்தான் இருக்கும், அத கணக்குல எடுக்காதீங்க.

மெயின்டெனன்ஸ் எவ்ளோ தொல்லை?

வாங்கறதுக்கு முன்னாடி யாரும் இத சரியா சொல்றதில்ல, அதனால நீட்டியே சொல்றேன்.

ஃபோர்க்கோட கீழ்க்கால்கள கழட்டி எண்ணெய் மாத்தி சுத்தம் பண்றது 50 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு ராக்‌ஷாக்ஸ் கம்பெனி சொல்லுது, பின் ஷாக்ல காத்து அறைக்கும் அதே 50, முழு சர்வீஸ் 200 மணி நேரம். ஃபாக்ஸ் சொல்றது 125 மணி நேரம் இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவ. வாரத்துக்கு மூணு மணி நேரம் ஓட்டுற ஆளுக்கு 50 மணி நேரம்ங்கறது நாலு மாசம். கீழ்க்கால் சர்வீஸ் வீட்லயே கத்துக்கலாம், டேம்பர (ஆட்டத்த அடக்கற உள் பாகம்) திறக்கறது தெரிஞ்ச மெக்கானிக்கிட்டதான்.

ஹார்ட்டெயில்ல இல்லாத இன்னொரு வேலை பிவட் பேரிங். சில டிசைன்ல எட்டு பேரிங் வரைக்கும், அதுக்கு மேலயும் இருக்கும். பின் வீல் 130 மி.மீ நகர்றப்போ ஷாக் நகர்றது 50 மி.மீ பக்கம்தான், அந்த நெம்புகோல் விசை முழுக்க அந்த குட்டி பேரிங்குங்க மேலதான் இறங்குது, போதாததுக்கு சேறும் தண்ணியும். மழையில ஓட்டுறவங்களுக்கு ஒரு வருஷத்துலயே சொரசொரன்னு ஆயிடும், காஞ்ச இடத்துல ரெண்டு மூணு வருஷம் கூட வரும். பிவட் போல்டு எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கம் அளக்கற ஸ்பேனர்) வச்சு அப்பப்ப பாக்கணும், எங்கேருந்தோ கிரீச்சுனு சத்தம் வந்தா பாதி நேரம் லூசான பிவட்தான். பிரஷர் வாஷர பிவட் பக்கம் காட்டவே காட்டாதீங்க, உள்ள இருக்கற கிரீஸ் போயிடும்.

இதெல்லாம் பண்ண உங்களுக்கு நேரமோ ஆர்வமோ இல்ல, பக்கத்துல சஸ்பென்ஷன் தெரிஞ்ச மெக்கானிக்கும் இல்லன்னா, ஹார்ட்டெயில் வாங்குங்க. சர்வீஸ் பண்ணாத ஃபுல் சஸ்பென்ஷன் நல்ல ஹார்ட்டெயிலவிட மோசமா ஓடும், இத நான் ரொம்ப சீரியஸா சொல்றேன்.

பட்ஜெட் கம்மி. மலிவான டபுள் ஷாக் சைக்கிள் வாங்கலாமா?

வேணாம். அதுல இருக்கறது வெறும் ஸ்பிரிங்தான், ஆட்டத்த அடக்கற டேம்பிங்னு ஒண்ணு இருக்காது, அமுக்கி விட்டா எகிறும். பிவட்ல பேரிங்குக்கு பதில் பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்), கனமோ ரொம்ப அதிகம். சிலதோட மேனுவல்லயே கரடுமுரடான இடத்துல ஓட்டாதீங்கன்னு போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க. அதே காசுக்கு வர்ற ஹார்ட்டெயில்ல பிரேக், ஃபோர்க், வீல் எல்லாமே ஒரு படி மேல இருக்கும், ஒண்ணரை ரெண்டு கிலோ லேசாவும் இருக்கும்.

பழைய 26 ஃப்ரேம்ல 29 வீல மட்டும் மாட்டிக்கலாமா?

முடியாது. டயர் ஃப்ரேம்ல இடிக்கும், ஃபோர்க்லயும் இடிக்கும், எப்படியோ நுழைஞ்சாலும் ஷாக் அமுங்கும்போது சீட் டியூப்ல போய் மோதும். ஆபத்து.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?

நல்ல யோசனைதான், பாத்து வாங்கத் தெரிஞ்சா. மூணு நாலு வருஷ பழைய நல்ல ட்ரெயில் பைக், புது சுமாரான பைக்க விட எவ்வளவோ மேல். ஃபோர்க்கோட பளபளப்பான காலயும் ஷாக் தண்டையும் நகத்தால தடவிப் பாருங்க, நகம் மாட்டுற கீறல் இருந்தா எண்ணெய் கசியும், அந்தப் பாகம் மாத்த செலவு அதிகம். சீட்ட பிடிச்சு மெதுவா தூக்கிப் பாருங்க, பின் வீல் நகராம சீட் மட்டும் கொஞ்சம் லொடக்குனு மேல வந்தா பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேஞ்சிருக்கு. பின் வீல பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. பிவட்ட சுத்தி வெல்டிங் ஓரமா மயிரிழை விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, பெயின்ட் மட்டும் வெடிச்சதா இல்ல உலோகமான்னு சந்தேகம் வந்தா விட்டுட்டு வந்துடுங்க. கார்பன் ஃப்ரேம்னா கீழ் டியூப்ல கல்லு அடிச்ச இடத்த நாணயத்தால தட்டிப் பாருங்க, சத்தம் ஒரு இடத்துல மட்டும் மந்தமா வந்தா நல்லதில்ல.

கடைசியா சர்வீஸ் எப்ப பண்ணீங்கன்னு கேளுங்க. பதில் தெளிவா வரலன்னா முழு சர்வீஸ் செலவையும் பேரிங் செலவையும் விலையிலேருந்து கழிச்சு பேசுங்க. அந்த மாடலுக்கு பேரிங் கிட்டும் டிரெயிலியர் ஹேங்கரும் (பின் கியர் மாத்தற பாகத்த ஃப்ரேம்ல மாட்டுற கொக்கி) இன்னும் கிடைக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே தேடுங்க. 2019-ல ஸ்ராம் கம்பெனி யூடிஹெச்னு பொதுவான ஹேங்கர் ஒண்ண கொண்டு வந்துச்சு, அது இருக்கற ஃப்ரேம்னா அந்த ஒரு கவலை இல்ல.

கியர் மாத்தணுமா?

வீல் பெருசானா அதே கியர் ஒன்பது சதவீதம் பக்கம் கனமாகும். 26-ல 32 பல் முன் செயின்ரிங் வசதியா இருந்துச்சுன்னா 29-ல 30 எடுங்க, மலை ஏத்தம் அதிகம்னா 28.

கார்பனா அலுமினியமா?

அலுமினியம். மிச்சமாகற காசுல நல்ல ஃபோர்க், நல்ல வீல், நாலு பிஸ்டன் பிரேக்.

தினமும் ரோட்ல ஆபீஸ் போகவும் இதையே ஓட்டலாமா?

ஓட்டலாம்தான், ஆனா அதுக்காக வாங்காதீங்க. தடிமனான டயர் தார் ரோட்ல சீக்கிரம் தேயும், பேரிங்கும் ஷாக் சீலும் சும்மா தேயும். வாரத்துல அஞ்சு நாள் ரோடு, ஒரு நாள் மண் பாதைன்னா உங்களுக்கான பைக் இது இல்ல.

பைக் விலைக்கு மேல இன்னும் எவ்ளோ எடுத்து வைக்கணும்?

பைக் விலையில பத்துல ஒரு பங்காவது தனியா வைங்க. பெடல் பெரும்பாலும் கூட வராது. டியூப்லெஸ் சீலன்ட் வேணும், முட்டிக்கு பேட் வேணும், செங்குத்தா இறங்கறவங்க முகம் மூடுற ஹெல்மெட்டும் பாருங்க. ஷாக் பம்ப் கட்டாயம், சாதாரண பம்ப்ல ஷாக்குக்கு தேவையான 150-250 பி.எஸ்.ஐ ஏத்தவே முடியாது, அதுவும் துல்லியமா ஏத்த முடியாது. அந்த பம்ப பைக் வாங்கற அன்னிக்கே வாங்குங்க, முதல் ஒரு மாசம் ஒவ்வொரு ரைடுக்கும் முன்னாடி ஸேக் அளந்து அஞ்சு பி.எஸ்.ஐ கூட்டி, அஞ்சு குறைச்சு ஓட்டிப் பாருங்க, எது நல்லா இருந்துச்சுன்னு போன்ல குறிச்சு வைங்க.